காமகோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாதவை

காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களைச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஐயம் எழும். ஏகாம்பரநாதரைப் பார்த்தாயிற்று, கயிலாசநாதரைப் பார்த்தாயிற்று, ஆனால் தமிழ்நாட்டின் பிற ஊர்களில் சுவாமி சன்னதியை அடுத்துத் தவறாமல் இருக்கும் அம்மன் சன்னதி இங்கே எங்கே என்பதே அந்த ஐயம். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும். இந்த ஊருக்கே ஒரே அம்மன், அவள் காமாட்சி, ஆகவே சிவாலயங்களில் மூலவராக வேறோர் அம்மன் தேவையில்லை என்பார்கள். விதிவிலக்குகளைத் தேடிச் சுட்டிக்காட்ட முடியும் என்றாலும், பழைய பெருங்கோயில்களைப் பொறுத்தவரை இந்த ஊர்வழக்கு பொய்யில்லை. ஏகாம்பரநாதர் கோயிலில் ஏலவார்குழலி உற்சவத் திருமேனியாகவே வழிபடப்படுகிறாள்.

வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் இதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. பல்லவர் காலத்துச் சிவாலயங்களில் அம்மனுக்கென்று தனிச் சன்னதி எடுக்கும் வழக்கம் இல்லை. சோழநாட்டில் ராஜேந்திர சோழன் காலம் தொடங்கி, பதினோராம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும்தான் அந்த வழக்கம் பரவியது. அப்படி எழுந்த சன்னதிகளைச் சோழர் கல்வெட்டுகள் 'திருக்காமக்கோட்டம்' என்றே குறிக்கின்றன. காஞ்சிக் காமாட்சியின் கோயிலுக்கு வழங்கிய காமக்கோட்டம் (காமகோட்டம்) என்னும் பெயர் நாடெங்கும் உள்ள அம்மன் சன்னதிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கும் அளவுக்கு இத்தலத்தின் புகழ் முன்பே வேரூன்றியிருந்தது என்று இதைக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்தப் பழமைக்கு நாம் நம்பத்தக்க சான்று சுந்தரர் தேவாரத்தில் இருக்கிறது. காஞ்சியிலுள்ள ஓணகாந்தன்தளி என்னும் சிறிய கோயிலில் இறைவனை எதிரே நிறுத்தி வைத்து, உரிமையோடு கேலி பேசும் பதிகம் அது.

காரிரும்பொழிற் கச்சி மூதூர்க்
காமக் கோட்டம் உண்டாக நீர்போய்
ஊரிடும் பிச்சை கொள்வ தென்னே
ஓண காந்தன் தளியு ளீரே

உலகம் உய்வதற்காக உம் மனைவி அறம் வளர்க்கும் காமக்கோட்டம் இதே ஊரில் இருக்கும்போது, நீர் ஏன் திருவோட்டை ஏந்திக்கொண்டு ஊராரிடம் பிச்சைக்குப் போகிறீர் என்பது கேள்வி. மனைவி வீட்டில் சோறு இருக்கக் கணவன் தெருவில் கையேந்தலாமா என்னும் இந்தக் குறும்பைச் சுந்தரரைத் தவிர வேறு யாரும் இவ்வளவு துணிச்சலாகப் பாடியிருக்க முடியாது. இதற்குப் பின்னணியாக உள்ள கதை, இறைவன் அளந்து கொடுத்த இரண்டு நாழி நெல்லைக் கொண்டு தேவி முப்பத்திரண்டு அறங்களையும் காஞ்சியில் வளர்த்தாள் என்பதாகும். நூற்றாண்டுகள் பல கழித்துத் திருக்கடவூரில் அபிராமி பட்டரும் 'ஐயன் அளந்தபடி இருநாழி கொண்டு' உலகை உய்விக்கும் தாயாக அதே தேவியைப் போற்றுகிறார். மழை பொய்த்து வற்கடத்தில் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசி தீர்த்தாள் என்று பௌத்தக் காப்பியம் சொல்வதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. சமயம் எதுவாயினும், சோறிடும் பெண்ணொருத்தியை இந்த ஊர் தன் நினைவிலிருந்து நீக்கவே இல்லை. காமாட்சி கோயிலுக்குள் அன்னபூரணிக்குத் தனியே ஒரு சன்னதி இருப்பதும் அந்த நினைவின் தொடர்ச்சியே.

இனிக் கோயிலுக்குள் செல்வோம். பொன் வேய்ந்த விமானமும், பஞ்சகங்கை எனப்படும் குளமும், அகன்ற பிராகாரங்களும் கொண்ட பெரிய வளாகம் இது. ஆயினும் காமகோட்டத்தின் உண்மையான அமைப்பு வெளிப் பிராகாரங்களில் விளங்காது. அதன் உட்கருவான காயத்ரி மண்டபத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றன. காயத்ரி மந்திரத்தின் இருபத்து நான்கு எழுத்துகளும் இருபத்து நான்கு தூண்களாக நிற்கின்றன என்றும், நான்கு வேதங்களும் நான்கு சுவர்களாகச் சூழ்ந்திருக்கின்றன என்றும் சொல்வது தலமரபு. இம்மண்டபத்தின் நடுவில் காமாட்சி பத்மாசனத்தில் அமர்ந்திருக்கிறாள். நான்கு கரங்களில் பாசம், அங்குசம், கரும்பு வில், மலர்க்கணைகள். மலரோடு ஒரு கிளியும் உண்டு.

வரிசையில் நகர்ந்து வந்து சில நொடிகள் மட்டுமே நிற்கக் கிடைக்கும் பக்தரின் கண்ணுக்கு, மலர் அலங்காரத்துக்கு நடுவே ஒளிரும் முகம் தெரியும், வேறொன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்துவிட்ட நிறைவோடு பலரும் வெளியேறிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு மண்டபத்துக்குள் தேவி எத்தனை வகையாக இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு சுற்றி வந்தால், காணத்தக்க உருவத்துக்கு இணையாகக் காண இயலாதவற்றுக்கும் இங்கே இடம் ஒதுக்கப்பட்டிருப்பது புலப்படும். இந்தக் கோயிலின் தனித்தன்மையாக நான் கருதுவது அதையே.

முதலாவது பிலாகாசம். பிலம் என்றால் குகை அல்லது நிலத்தில் உள்ள துளை. ஆகாசம் என்றால் வெட்டவெளி. மூலவருக்கு அருகே உள்ள இந்த வெறும் துளைதான் தேவி வெளிப்பட்ட மூல இடம் என்று வழிபடப்படுகிறது. சிலையோ பீடமோ இல்லாத ஓர் இன்மையே இங்கு தெய்வம். அதனருகே, ஊசிமுனையில் ஒற்றைக்கால் ஊன்றி ஐந்து தீக்களின் நடுவே தவம் புரியும் கோலத்தில் தபஸ் காமாட்சி நிற்கிறாள். கயிலையில் விளையாட்டாக இறைவனின் கண்களைப் பொத்தியதால் உலகம் இருளில் மூழ்கியது; அந்தக் குற்றம் தீரக் காஞ்சிக்கு வந்து, கம்பை ஆற்றங்கரையில் மாமரத்தடியில் மணலால் இலிங்கம் செய்து வழிபட்டாள்; வெள்ளம் பெருகி வந்தபோது இலிங்கம் கரையாதபடி மார்போடு தழுவிக்கொண்டாள் என்னும் கதையைச் சேர்ந்த கோலம் இது. கதையின் பிற்பகுதி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு உரியது. அங்குள்ள இறைவன் தழுவக் குழைந்தநாதர் எனப்படுகிறார். ஆக, ஒரே கதையின் தவம் ஒரு கோயிலிலும் தழுவல் மற்றொரு கோயிலிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இவ்விரண்டு கோயில்களுக்கும் இடையில் முருகனின் குமரகோட்டம் அமைந்திருப்பதால், ஊரின் வரைபடமே, சிவனுக்கும் உமைக்கும் நடுவே முருகன் அமர்ந்த சோமாஸ்கந்த வடிவமாக இருப்பதாகக் காஞ்சிக்காரர்கள் பெருமையோடு சொல்வதுண்டு.

பிலத்திலிருந்து தேவி ஏன் வெளிப்பட்டாள் என்பதற்குரிய கதை பண்டாசுரனுடையது. பிரம்மாண்ட புராணத்தோடு சேர்த்து வழங்கும் லலிதோபாக்கியானம் இதை விரிவாகச் சொல்கிறது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தபின் எஞ்சிய சாம்பலைத் திரட்டி, சித்திரகர்மா என்னும் கணத்தலைவன் ஒரு பொம்மை செய்கிறான். சிவனின் பார்வை பட்டதும் பொம்மை உயிர்பெற்று எழுகிறது. சினத்தின் தீயில் பிறந்த சாம்பலிலிருந்து தோன்றியதால் அதுவே பின்னர் பண்டாசுரனாகி மூவுலகையும் வதைக்கிறது. காஞ்சித் தலமரபு இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறது. அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் கிளிகளாக உருமாறி இங்குள்ள செண்பக மரங்களில் ஒளிந்திருந்து தேவியை வேண்ட, அவள் பிலத்திலிருந்து எழுந்து வந்து அசுரனை அழித்தாள். பிறகு தேவர்கள் காயத்ரி மண்டபத்தை எழுப்பி, கதவை அடைத்துவிட்டுக் காத்திருந்து மீண்டும் திறந்தபோது, இப்போது நாம் காணும் அமர்ந்த கோலத்தில் காட்சி தந்தாள் என்பர்.

இந்தக் கதையை அறிந்தபின் மூலவரின் கைகளை மறுபடியும் நோக்க வேண்டும். கரும்பு வில்லும் மலர்க்கணைகளும் மன்மதனின் படைக்கலங்கள். அவனது சாம்பலிலிருந்து எழுந்த அழிவை நீக்க வந்தவள், அவனது வில்லையும் கணையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆசையை எரித்ததால் விளைந்தது அசுரன் என்றும், அந்த ஆசை தாயின் கையில் அடங்கி இருக்கும்போது உலகம் நடைபெறுகிறது என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். உரைகள் பலவிதமாக விரிந்தாலும், எனக்கு இந்தச் சிற்ப அமைப்பே போதுமான விளக்கமாகத் தோன்றுகிறது. கையில் உள்ள கிளிக்கும் செண்பக மரத்துக் கிளிகளுக்கும் உள்ள உறவை இதற்குமேல் விளக்கவும் வேண்டாம்.

அடுத்தது, தேவியைக் கோடுகளாக வரைந்து வழிபடும் ஸ்ரீசக்கரம். மூலவருக்கு முன்பாகத் தரையோடு ஒட்டியதுபோல அமைந்திருப்பதாலும், குங்குமமும் மலரும் அதன்மேல் குவிந்துகொண்டே இருப்பதாலும், வரிசையில் வருகிறவருக்கு அதன் கோடுகள் கண்ணில் படுவதே இல்லை. மேல்நோக்கிய நான்கும் கீழ்நோக்கிய ஐந்துமாக ஒன்பது பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் உண்டாகும் நாற்பத்து மூன்று சிறு முக்கோணங்களும், அவற்றைச் சூழ்ந்த எட்டிதழ், பதினாறிதழ்த் தாமரைகளும், வெளியே மூன்று கோடுகளால் ஆன சதுர மதிலும், நடுவில் ஒரு புள்ளியும் கொண்ட வரைவு அது. இங்கு அர்ச்சனை நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். பக்தர்களின் கண்கள் அம்மனின் முகத்தில் இருக்கும். பூசை செய்யும் ஸ்தானிகரின் கையிலிருந்து விழும் குங்குமம் சக்கரத்தின்மேல் விழும். ஒரே வழிபாடு உருவத்தை நோக்கியும் வரைவை நோக்கியும் ஒரே நேரத்தில் நடைபெறுகிறது. துளையாகிய அருவம், கோடுகளாகிய அருவுருவம், அமர்ந்த திருமேனியாகிய உருவம் என்று மூன்று நிலைகளும் சில அடி தொலைவுக்குள் நெருங்கி இருப்பது இந்தக் கருவறையின் அமைப்பு.

இந்தச் சக்கரத்தோடு ஆதிசங்கரர் கதை இணைந்திருக்கிறது. வழிபாட்டு முறையைத் துர்வாச முனிவர் வகுத்ததாகச் சொல்லும் மரபு, தேவியின் உக்கிரத்தைச் சக்கரத்துக்குள் அடக்கிச் சாந்தமாக்கியவர் சங்கரர் என்று சொல்கிறது. வெளிப் பிராகாரத்தில் சங்கரருக்குச் சன்னதி உண்டு. உற்சவக் காலத்தில் புறப்பாடு ஆகும்போது தேவி அந்தச் சன்னதியின் முன் நின்று, அவரிடம் விடைபெற்றே வெளியே எழுந்தருளுகிறாள் என்பது ஐதீகம். அவர் அனுமதியின்றி வெளியே செல்வதில்லை என்று தேவி வாக்குக் கொடுத்தாளாம். உலகை ஆள்கிறவள் தன் பிள்ளையிடம் உத்தரவு கேட்டு வாசல் தாண்டுகிறாள் என்னும் இந்தக் கற்பனையில், ஓர் அஞ்சத்தக்க சக்தியை ஊர் எப்படித் தன் வீட்டுப் பெண்ணாக ஆக்கிக்கொண்டது என்பது தெரிகிறது.

மண்டபத்தைச் சுற்றி வரும்போது சுவரில் அமைந்த இரண்டு சிறிய உருவங்களைக் கூட்டத்தில் பலரும் தவறவிடுகிறார்கள். ஒன்று அரூப லட்சுமி, மற்றொன்று கள்வர் பெருமாள். தன் அழகைப் பற்றிய செருக்கால் திருமாலின் சாபத்துக்கு ஆளாகி உருவழகை இழந்த லட்சுமி, காஞ்சிக்கு வந்து தவமிருந்து, காமாட்சியின் குங்குமத்தால் மீண்டும் அழகு பெற்றாள் என்பது கதை. ஆகவே அர்ச்சனைக் குங்குமத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் முதலில் அதை அரூப லட்சுமிக்குச் சாத்திவிட்டு, பிறகே தாம் அணிந்துகொள்ள வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். இந்த வழக்கத்தின் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிற கோயில்களில் தெய்வத்திடமிருந்து பிரசாதம் பெற்றுத் திரும்புகிறோம். இங்கே ஒரு தெய்வத்தின் பிரசாதத்தை இன்னொரு தெய்வத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு வரிசையில் வந்த சாதாரண மனிதருக்குத் தரப்பட்டிருக்கிறது. லட்சுமியின் உருவம் ஒருமுறை மீண்டதோடு கதை முடியவில்லை. ஒவ்வொரு பக்தரின் விரலாலும் அது திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

அழகு மீண்ட லட்சுமியும் தேவியும் பேசிக்கொண்டிருந்ததைத் திருமால் மறைந்து நின்று கேட்டதாகவும், அதைக் கண்டுகொண்ட தேவி அவரைக் 'கள்வா' என்று அழைத்ததாகவும் கதை தொடர்கிறது. ஆதிவராகப் பெருமாள் என்னும் பெயரும், அஞ்சிலைவல்லி என்னும் தாயாரும் இவருக்கு உண்டு. வைணவர்கள் போற்றும் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் திருக்கள்வனூர் என்பது இந்தச் சுவரில் உள்ள சிறு மாடமே. இத்தலத்துக்கு மங்களாசாசனமாக, அதாவது ஆழ்வார் பாடிய போற்றுதலாக, திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகப் பாசுரம் ஒன்றில் 'கார்வானத் துள்ளாய் கள்வா' என்று வரும் ஒரேயொரு விளி மட்டும் அமைந்திருக்கிறது. நீரகம், ஊரகம், காரகம், வெஃகா என்று காஞ்சித் தலங்களை அடுக்கிக்கொண்டே போகும் ஆழ்வார் நடுவில் உதிர்த்த அந்த ஒரு சொல்லே, அம்மன் கோயிலுக்குள் ஒரு திவ்விய தேசத்தை நிலைநிறுத்தியிருக்கிறது. இவருக்கு முற்காலத்தில் தனிக்கோயில் இருந்து அழிந்திருக்க வேண்டும் என்று கருதுவோரும் உண்டு. அப்படியே இருந்தாலும், ஒளிந்து நின்று கேட்டவர் இன்றும் ஒரு சுவரின் மூலையிலேயே நிற்பது கதைக்குப் பொருந்திவிட்டது. திவ்விய தேச யாத்திரையாக வரும் வைணவக் குடும்பங்கள் அம்மன் கோயில் வரிசையில் நின்று, பெருமாள் எங்கே என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு போவதைக் காண்பது சுவையானது.

குழந்தை வேண்டுவோர் வலம் வரும் சந்தான ஸ்தம்பமும் இந்த மண்டபத்தில் இருக்கிறது. தசரதன் மகப்பேறு வேண்டிக் காஞ்சித் தேவியை வழிபட்டான் என்பதை லலிதோபாக்கியானமே சொல்கிறது. பேச இயலாத ஊமை ஒருவர், தேவி அளித்த தாம்பூலத்தால் வாக்குப் பெற்று, ஐந்து சதகங்களாக ஐந்நூறு வடமொழிப் பாடல்களைப் பொழிந்து மூக கவி எனப் பெயர் பெற்ற கதையும் இந்தச் சன்னதிக்கு உரியதே. புன்னகைக்கு மட்டும் நூறு பாடல், கடைக்கண் பார்வைக்கு மட்டும் நூறு பாடல் என்று அவர் பாடியதைப் பார்க்கும்போது, நாம் சில நொடியில் கடந்துவிடும் முகத்தின் முன்னே ஒருவர் எவ்வளவு நேரம் நின்றிருக்கக்கூடும் என்று வியப்பு மேலிடுகிறது.

காவல் தெய்வமாகிய சாத்தனையும் மறந்துவிடக் கூடாது. காமக்கோட்டத்தைக் காக்கும் சாத்தனிடமிருந்து பெற்ற செண்டு என்னும் சாட்டையைக் கொண்டு கரிகாற் சோழன் மேருவைத் திரித்தான் என்று, சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் எடுத்துக்காட்டும் பழைய வெண்பா பாடுகிறது. சோழ மன்னனின் இமயப் பெருமைக்கே காமக்கோட்டத்து வாயிற்காவலனின் சாட்டை தேவைப்பட்டது என்று சொல்ல ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதவற்றின் பட்டியலில் புராணத்துக்கு வெளியே உள்ளவையும் சேரும். 1915இல் தொல்லியல் அறிஞர் டி. ஏ. கோபிநாத ராவ், காமாட்சி கோயிலின் உட்பிராகாரத்தில் கண்ட, ஏழு அடிக்கு மேல் உயரமுள்ள நின்ற கோலப் புத்தர் சிலையைப் பற்றி எழுதினார். அந்தச் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதையும் பிற குறிப்புகளையும் கொண்டு, இக்கோயில் முன்பு பௌத்தர்களின் தாராதேவிக்கு உரியதாக இருந்தது என்று முடிவு கட்டிய ஆய்வாளர்கள் உண்டு. ஒரு சிலையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் செல்ல எனக்குத் துணிவில்லை. சுந்தரர் பாடிய காலத்திலேயே இது மலைமகளின் கோட்டம் என்பது தெளிவாக இருக்கிறது. ஆனால் பௌத்தம் பல நூற்றாண்டுகள் செழித்திருந்த நகரின் நடுக்கோயிலில் புத்தர் நின்றிருந்தார் என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி, குமரகோட்டத்தின் அருகே உள்ள ஆதி காமாட்சி கோயிலையே பழைய காமக்கோட்டமாகக் கருதுவோரும் இருக்கிறார்கள். காளி கோட்டம் என்றும் வழங்கும் அந்தச் சிறிய கோயிலுக்கு வருகிற கூட்டம் மிகக் குறைவு. அமைதியாக நின்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கும் செல்லலாம்.

காஞ்சியை விட்டுப் போய்த் திரும்பி வராத ஒருத்தியும் இருக்கிறாள். பொன்னால் ஆன பங்காரு காமாட்சியின் திருமேனி, படையெடுப்பு அச்சம் நிலவிய காலத்தில் ஊரைவிட்டு வெளியே கொண்டு செல்லப்பட்டது. அதே அச்சத்தால் 1688இல் உடையார்பாளையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட காஞ்சிப் பெருமாள் வரதராஜர் 1710இல் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார். அத்திகிரி எனப்படும் அவர் கோயிலில் உள்ள கல்வெட்டு அதைப் பதிவு செய்திருக்கிறது. பங்காரு காமாட்சியோ உடையார்பாளையம், திருவாரூர் என்று இடம் மாறித் தஞ்சாவூரில் மராட்டிய மன்னரின் ஆதரவில் நிலைகொண்டாள். அவளோடு அலைந்த அர்ச்சகர் குடும்பத்தில், திருவாரூரில் 1762இல் பிறந்தவரே சங்கீத மும்மூர்த்திகளுள் மூத்தவரான சியாமா சாஸ்திரி. தோடி, பைரவி, யதுகுல காம்போதி ஆகிய ராகங்களில் அவர் அமைத்த, ஸ்வரஜதி என்னும் வகையைச் சேர்ந்த மூன்று இசைப்பாடல்களும் காமாட்சியை அழைத்துக் கெஞ்சுகிறவை. தினந்தோறும் தம் கையால் பூசை செய்த திருமேனியின் முன் நின்று பாடியவர் என்பதாலேயே அந்தப் பாடல்களில் புகழுரையைவிட முறையீடு மிகுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தஞ்சைக்குச் செல்கிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் மேல ராஜ வீதிக்கும் சென்று வர வேண்டும். அங்கே பங்காரு காமாட்சியின் முகத்தில் புனுகு சாத்தப்பட்டுக் கருமையாக இருப்பதால், பெயரில் உள்ள பொன்னை முகத்தில் காண முடியாது.